விரும்பிப் பெயர்ந்தவர்

சின்னப்பையன் ஆற்றங்கரையை விட்டுத் தன் முழு விருப்பத்தோடுதான் போனார் என்கிற சேதியை அவருக்கே தெரிவித்தவர்கள் பெயர்ச்சியியல் உயராய்வு மையத்தார். அதுவரைக்கும் அவருக்கு அது தெரியாது.

மையம் இருப்பது கோபாலபுரத்தில், பழைய பங்களா ஒன்றில். மனிதர்கள் ஏன் ஓரிடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போகிறார்கள் என்று ஆராய்வது அதன் வேலை. அந்த ஆராய்ச்சி கெட்டுவிடக் கூடாது என்று அங்கே உள்ள அறிஞர்கள் யாரும் நாற்காலியை விட்டு எங்கும் போவதில்லை. வெயிலில் போய்வர சாய்சரண் என்று மேற்கு மாம்பலத்துப் பிள்ளை ஒருவனை வைத்திருந்தார்கள். அவன் கையில் ஒரு தொடுதிரை டேப். அது கேட்கச் சொன்னதைக் கேட்பான். அது ஏற்றுக்கொண்டதை மட்டும் எழுதுவான்.

சின்னப்பையனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது; பெயர் மட்டும் வளராமல் நின்றுவிட்டது. மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சாமான் வண்டி ஓட்டுகிறவர். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வீடு மாற்றுகிற ஜனங்களின் பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் அவர் முதுகில் ஏறி இறங்கியிருக்கின்றன. கோட்டூர்புரத்துப் பக்கம் அடையாற்றங்கரையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, மனைவியை அங்கிருந்தே சுடுகாட்டுக்கும் கொண்டுபோனவர். ஒருநாள் காலையில் பொக்லைன் வந்து வீட்டைத் தள்ளியது. லாரி வந்து சாமானை ஏற்றிக்கொண்டது. ஊருக்கு வெளியே, பஸ்காரனே யோசித்து வருகிற ஓரிடத்தில், எட்டு மாடிக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேதான் சாய்சரண் மூச்சு வாங்க ஏறி வந்து கதவைத் தட்டினான்.

"இங்க ஏன் சார் வந்தீங்க? வேலையா, வியாபாரமா, படிப்பா, கல்யாணமா, குடும்பத்தோட வந்ததா?"

"பொக்லைன் வந்துச்சு தம்பி."

சாய்சரண் டேப்பை மேலே தள்ளினான், கீழே தள்ளினான். "பொக்லைன் இதுல இல்லையே சார்."

"எங்க வூட்டு மேல இருந்துச்சே."

"வேற காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு சார். அதுலயே எல்லாரும் போய் விழுந்தாங்க. வரைபடம் போட்டா அசிங்கமா இருக்குன்னு எங்க டைரக்டர் அதை எடுத்துட்டாரு." அவன் துணைக் கேள்விக்குப் போனான். "சாமானை எல்லாம் லாரியில ஏத்துனது யாரு?"

அந்த இடத்தில்தான் சின்னப்பையன் மாட்டினார். அன்றைக்கு லாரியோடு வந்த இரண்டு பையன்கள் அவருடைய கண்ணாடி பீரோவைக் குப்புறப் படுக்கப்போட்டு இழுத்தார்கள். வீடு போன துக்கத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்த ஏற்றுமுறையைத் தாங்க முடியவில்லை.

"தள்ளுங்கடான்னு சொல்லி நானே ஏத்துனேன் தம்பி. என்னுது மட்டுமா? அந்த வரிசையில பாதி வூட்டுச் சாமான நான்தான் ஏத்திக் கயிறு கட்டுனேன். ஒரு டம்ளரு நசுங்கலியே!"

டேப்பில் பச்சை விளக்கு எரிந்தது. அதுவரை எந்தப் பதிலுக்கும் அது எரிந்ததில்லை.

"ரொம்ப நன்றி சார். நீங்க விரும்பிப் பெயர்ந்தவர்."

"இன்னாது?"

"சொந்தக் கையால ஏத்தினா விருப்பம். மையத்தோட விதி."

*

விரும்பிப் பெயர்ந்தவர்களில் சின்னப்பையனைப் போல விரும்பியவர் யாரும் இல்லை என்று கணக்கில் தெரிந்தது. அயலார் சாமானையும் ஏற்றியவர் ஆயிற்றே. அடையாற்றில் ஒரு குளுகுளு மண்டபத்தில் கருத்தரங்கு வைத்து, மேடைக்குக் கூப்பிட்டு, ஜரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார்கள். போர்த்தியவர் மையத்தின் இயக்குநர் டாக்டர் கல்யாணராமன். வெள்ளைத் தலை, மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல்.

"மக்கள் ஆறு போன்றவர்கள்" என்று அவர் பேச்சைத் தொடங்கினார். "ஓடுவது அவர்கள் இயல்பு. தடுப்பது பாவம். இரண்டாயிரத்துப் பதினொன்றில் எடுத்த கணக்கெடுப்பில் ஆற்றங்கரையில் இத்தனை குடும்பங்கள் இருந்தன. இப்போது நம் ஆய்வில் அவை இல்லை. இருந்தது இல்லாமல் போனால் அதற்குப் பெயர்ச்சி என்று பெயர். நடுவில் என்ன நடந்தது என்று கேட்பது கணக்கல்ல, வம்பு. நான் அந்த ஆற்றங்கரைக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. போயிருந்தால் என் மனம் இளகியிருக்கும், முடிவு கோணியிருக்கும். தூரத்தில் இருந்ததால்தான் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தது."

நீண்ட கைதட்டல். சின்னப்பையனும் தட்டினார். பக்கத்தில் இருப்பவர் தட்டினால் தட்டுவது மரியாதை.

அடுத்து திரையில் ஒரு படம் வந்தது. தகரக் கதவுகள், வரிசையாகப் பூட்டுகள். மூன்றாவது கதவில் நீலப் பெயிண்ட். சின்னப்பையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் தங்கை சொர்ணத்தின் வீடு. இடிபட்ட வரிசைக்குப் பின்னால் தப்பி நின்ற கடைசி வரிசை அது. பெயிண்ட் அவர் அடித்தது.

"இந்த வரிசை முழுவதும் மக்கள் தாமாகவே காலி செய்துவிட்டார்கள்" என்றார் கல்யாணராமன். "மூன்று தடவை போய்ப் பார்த்தோம். மூன்று தடவையும் பூட்டு."

பேச்சு முடிந்து எல்லோரும் பக்கோடாவுக்குப் போனபோது சின்னப்பையன் அவரை மறித்தார்.

"சார், அந்த வரிசையில ஆளுங்க கீறாங்க சார். என் தங்கச்சியே அங்கதான் கீது. மந்தவெளியில இஸ்திரி வண்டி வெச்சினு கீது."

"எங்கள் ஆய்வு நேரம் பதினொன்றிலிருந்து நாலு வரை. அப்போது வீட்டில் இல்லையே?"

"அப்பதான் சார் வேலைக்குப் போவாங்க. அந்நேரம் வூட்ல குந்தினு இருந்தா சோறு எவன் போடுவான்?"

"இதோ பாருங்கள். உங்கள் தங்கை உணர்வு ரீதியாக அங்கே இருக்கலாம். தரவு ரீதியாக இல்லை."

பக்கத்தில் நின்ற சாய்சரண் வாய் திறந்தான். "சார், நான் போனப்ப ஒரு அம்மா தண்ணிக் குழாய்கிட்ட நின்னு, அது என் வீடுதான்னு கத்துனாங்க..."

"தெருவில் நிற்கிற ஆளை எண்ண நமக்கு விதி இல்லை, சாய்சரண்" என்று கல்யாணராமன் பக்கோடாவை எடுத்துக்கொண்டார். "பொங்கல் கழிந்ததும் நீரோரச் சீரமைப்புக் குழுமம் அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிடும். ஆளில்லாத இடம்தானே. யாருக்கும் கஷ்டம் இல்லை."

*

மந்தவெளியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சொர்ணத்தின் இஸ்திரி வண்டி நிற்கும். கரிப்பெட்டியை ஊதிக்கொண்டே அண்ணன் சொன்னதைக் கேட்டாள். புருஷன் இல்லாதவள். சித்திரக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் துணிதான் அவள் சோறு. அந்த எட்டு மாடியில் இஸ்திரி போட்டு உடுத்துகிற ஜனம் கிடையாது. அங்கே போனால் கரிப்பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

"அப்ப நான் இல்லவே இல்லியா?" என்றாள்.

"இல்லியாம்."

"அந்தாளு வேட்டிக்கு வாரா வாரம் கஞ்சி போட்டு மடிப்பு வெக்கிறவ நான்தான். குளத்துக்குப் பின்னாடி வூடு. இல்லாதவளா மடிப்பு வெச்சேன்?"

சின்னப்பையனின் பார்வை இஸ்திரிக்கு அடுக்கியிருந்த பட்டுப் புடவைகள் மேல் இருந்தது. மார்கழி பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "இவ்ளோ பட்டு இன்னாத்துக்கு?"

"கச்சேரி சீசன் அண்ணே. இந்த மாசம் பூரா அந்தத் தெருவுல பகல்ல ஒரு வூட்லயும் ஆள் இருக்காது. காலைல சபாவுல பேச்சு, மத்தியானம் கேண்டீன்ல சாப்பாடு, அப்புறம் பாட்டு. மாம்பழக் கலரு பட்டு வந்தா அன்னிக்கு விஜயலக்ஷ்மி மாமி வூடு பூட்டு. அந்த மாமிதான் உன் டைரக்டரு சம்சாரம்."

சின்னப்பையன் கொஞ்ச நேரம் கரித்துண்டு ஒன்றைக் காலால் உருட்டினார். பிறகு வண்டியைக் கிளப்பி நேரே கோபாலபுரம் போனார்.

அங்கே அவருக்கென்றே ஒரு வேலை காத்திருந்தது. ஆற்றங்கரை ஜனம் அலைபாய்கிறது, மயிலாப்பூர் ஜனம் அசையாமல் நிற்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டக் கல்யாணராமன் ஆசைப்பட்டார். அசையாத ஜனத்துக்கு மாதிரியாகத் தன் தெருவையே கொடுத்திருந்தார். ஆனால் சாய்சரணுக்கு மார்கழியில் லீவு. அவனுக்கும் ஒரு மத்தியானக் கச்சேரியில் கஞ்சிரா வாசிக்க இடம் கிடைத்திருந்தது. மற்ற அறிஞர்களுக்கு வெயில் ஆகாது.

"நான் போறேன் சார்" என்றார் சின்னப்பையன். "மாலை வகுப்புல எழுத்துக் கூட்டப் படிச்சிக்கினேன். என் தங்கச்சியும் அவ வரிசைப் பொம்பளைங்களும் கூட வருவாங்க."

கல்யாணராமன் கண் கலங்கினார். "பெயர்ந்தவர்களே பெயர்ச்சியை அளப்பதா! நிதி தருகிறவர்கள் பூரித்துப்போவார்கள். ஆனால் ஒன்று. விதியை விட்டு ஒரு நூல் விலகக் கூடாது. சொந்த அபிப்பிராயம் வேண்டாம்."

"ஒரு நூல் விலகமாட்டோம் சார்" என்றார் சின்னப்பையன். வாழ்நாளில் அவர் கொடுத்த வாக்குகளில் இதைக் காப்பாற்றியதுபோல வேறெதையும் காப்பாற்றியதில்லை.

*

மையம் கொடுத்த டேப்பும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாகப் பெண்கள் சித்திரக்குளத்துப் பக்கம் இறங்கினார்கள். மணி பதினொன்றுக்கு முன்னால் ஒரு கதவையும் தட்டவில்லை. நாலுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. பூட்டு, பூட்டு, பூட்டு. மூன்று தடவை போனார்கள். போன மூன்று தடவையும் தெரு முழுக்க மல்லிகைப்பூ வாசனை மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் விஜயலக்ஷ்மி மாமி மாம்பழக் கலர் பட்டு சரசரக்க வெளியே வந்து பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி சொர்ணம், கழுத்துல அட்டை எல்லாம் தொங்கறது?"

"கணக்கு மாமி. வூட்ல ஆள் கீதான்னு பாக்குறோம்."

"நான்தான் இருக்கேனே!"

"பூட்டிக்கினு தெருவுல நிக்கிறீங்களே மாமி."

"கச்சேரிக்கு நாழியாயிடுத்துடி. நன்னா எழுதிக்கோ, நாங்க எல்லாரும் சௌக்கியமா இருக்கோம்னு." மாமி ஆட்டோ ஏறிவிட்டார். சௌக்கியத்துக்கு டேப்பில் கட்டம் இல்லை. சொர்ணம் பூட்டு என்கிற கட்டத்தை அழுத்தினாள்.

அன்று மாலை வண்டியடியில் அவள் முகம் சுருங்கியிருந்தது. "அந்தம்மா நல்ல மாதிரி அண்ணே. தீவாளிக்குப் புடவை எடுத்துக் குடுத்தாங்க."

"நம்ம வூட்டு மேல பொக்லைன் ஏறுன அன்னிக்கு நல்ல மாதிரிங்கல்லாம் எங்க இருந்தாங்க?"

சொர்ணம் யோசித்துப் பார்த்தாள். "அதுவும் மார்கழிதான் அண்ணே. கச்சேரிலதான் இருந்திருப்பாங்க." அதற்கப்புறம் அவள் மாமியைப் பற்றிப் பேசவில்லை.

கணக்கு மையத்துக்குப் போனது. தனிமனித ரகசியத்தைக் காக்கும் பொருட்டு மையத்தின் அறிக்கையில் தெருப் பெயரோ கதவு எண்ணோ வராது. தொகுதி நாற்பத்தேழு, நீர்நிலை ஓரம் என்று மட்டும் வரும்; அது எந்தத் தெரு என்கிற பட்டியல் குழுமத்திடம் இருக்கும். கல்யாணராமன் சபா கேண்டீனில் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுப் பந்தியையே நிறுத்தினார்.

"இந்தத் தொகுதியைப் பாருங்கோ! நீர்நிலை ஓரம். ஒரு வீடு பாக்கியில்லாமல் ஓடிப் போயிருக்கிறார்கள். என்ன மனிதர்கள்! வேரே கிடையாதா இவர்களுக்கு? பிறந்த மண் என்கிற பாசம் இருக்கிறவன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவானா? இதையும் குழுமத்துக்கு அனுப்பி அந்த ஆற்றங்கரையோடு சேர்த்தே சுத்தம் பண்ணச் சொல்கிறேன்" என்று சொல்லி, பால்பாயசத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

*

பொங்கல் முடிந்த மறுவாரம் பொக்லைனுக்கு ஒரே நாளில் இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று ஆற்றங்கரையில் சொர்ணத்தின் வரிசை. இன்னொன்று சித்திரக்குளத்துக்குப் பின்னால் தொகுதி நாற்பத்தேழின் முதல் வீடு, கல்யாணராமனுடையது. ஓட்டுகிறவன் கரீமுல்லா. சின்னப்பையனின் வீட்டைத் தள்ளியவனும் அவன்தான். தள்ளுவதற்கு முன்னால் இறங்கி வந்து, மன்னிச்சுக்க மச்சி, வயித்துப் பொழப்பு என்று கையைப் பிடித்துக்கொண்டவன். அதிலிருந்து இவர் முகத்தைப் பார்த்தால் அவன் டீயைக் கீழே வைத்துவிடுவான்.

காலையில் இவர் அவனைப் பிடித்தார். "எத்த மொதல்ல முடிக்கிற?"

"எது பக்கமோ அத்த. ஆத்தங்கரை."

"குளத்தாண்ட மொதல்ல வா மச்சி. இன்னொரு தபா உன்கிட்ட எதுவும் கேக்கமாட்டேன்."

கரீமுல்லா டீயைக் கீழே வைத்தான். "இன்னா மச்சி பண்ற நீ?"

"பந்தயம் கட்டிக்கினு கீறேன். அந்தாளு கத்துவான். கத்துனா அந்தப் பூட்டு விதி செத்துச்சு. கத்தலன்னா சொர்ணம் வூடு போச்சு."

பொக்லைன் தெருவுக்குள் நுழைந்தபோது கல்யாணராமன் மொடமொடவென்ற மடிப்பு வேட்டியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குழுமத்துப் பொறியாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உத்தரவைப் படித்தார். சாய்சரண் டேப்போடு பின்னால் நின்றான். எந்த வீடு பெயர்ந்தாலும் அந்த இடத்திலேயே காரணம் கேட்டு எழுதுவது அவன் வேலை. தெருமுனையில் மீன்பாடி வண்டி. அதன் மேல் சின்னப்பையனும் சொர்ணமும்.

கல்யாணராமன் ஓடி வந்தார். "இது என் வீடு! நான் இருக்கிறேன்!"

"இந்த வீட்ல யாரும் இல்லைன்னு இருக்கே சார்" என்றார் பொறியாளர்.

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லும். நான் இருக்கிறேனா இல்லையா?"

"தெருவில நிக்கிறீங்க சார். தெருவில நிக்கிற ஆளை எண்ண விதி இல்ல."

கல்யாணராமன் உள்ளே ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகக் கத்தினார். "இப்போது உள்ளே இருக்கிறேன்!"

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ஒன்பது சார். ஆய்வு நேரம் பதினொண்ணுக்குத்தான். கீழே உங்க கையெழுத்தே இருக்கு, பாருங்க. வேரே கிடையாதவர்கள்னு ஒரு குறிப்பு வேற எழுதியிருக்கீங்க."

விஜயலக்ஷ்மி மாமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார். "ஏன்னா, நாம இருக்கோமா இல்லையாங்கறதை முதல்ல நீங்க முடிவு பண்ணுங்கோ. கதவு பூட்டிண்டிருந்தா மனுஷா இல்லைன்னு எந்த மூதேவி எழுதினான்?"

"நான்தான்."

"அப்போ நீங்களே அடிச்சுட்டு எழுதுங்கோ. பேனா இந்தாங்கோ."

வாழ்நாள் ஆராய்ச்சியை அடிப்பதா என்று அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்நேரம் பொக்லைனின் இரும்புக் கை சற்றே உயர்ந்தது. கல்யாணராமன் மதில்மேல் தாளை வைத்து எழுதினார்: பூட்டிய கதவு ஆளில்லாத வீடு ஆகாது, பூட்டை வைத்து மையம் எழுதிய அத்தனை முடிவும் இதனால் ரத்து. பொறியாளர் தாளைப் படம் பிடித்துக் குழுமத்துக்கு அனுப்பிவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"சரிங்க சார்... சரிங்க சார்... ஆத்தங்கரை ரத்து. எழுதிக்கிட்டேன் சார்."

சொர்ணம் அண்ணன் தோளைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"இங்கயா சார்? வேலை தொடங்காத இடம் எல்லாம் ரத்து, தொடங்கின இடம் ரத்து இல்ல. புரியுது சார்." பொறியாளர் திரும்பினார். "கரீமுல்லா, இங்க வேலை தொடங்கியாச்சா?"

கரீமுல்லா தெருமுனையைப் பார்த்தான். சின்னப்பையன் அசையாமல் அவனைப் பார்த்தார். இது போதும் என்று அவர் தலையை ஒருமுறை அசைத்திருக்கலாம். சொர்ணத்தின் வரிசை பிழைத்துவிட்டது, வேறென்ன வேண்டும்? அவருக்கு அந்த மண்டபமும் கைதட்டலும் ஞாபகத்துக்கு வந்தன. தானும் தட்டியது ஞாபகத்துக்கு வந்தது. தலை அசையவில்லை. இரும்புக் கை இறங்கி மதிலின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டியது. நாலு செங்கல் பொலபொலவென்று விழுந்தன.

"தொடங்கியாச்சு சார்" என்றான் கரீமுல்லா.

லாரிப் பையன்கள் உள்ளே நுழைந்தார்கள். கல்யாணராமன் கைகளைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். விதி அவருக்குத் தெரியாதா? "நான் ஒரு துரும்பைத் தொட மாட்டேன். சாய்சரண், கட்டாயப் பெயர்ச்சி என்று எழுது."

"சாமான் ஏறி முடியட்டும் சார். அப்புறம்தான் கேள்வியே வரும்."

பையன்கள் ஊஞ்சல் பலகையைத் தரையில் இழுத்தார்கள். கல்யாணராமன் பல்லைக் கடித்தார். மாமியின் வீணையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மாமி அலறினார். "ஐயோ, ஒரு கை கொடுங்கோளேன்!" அவர் அசையவில்லை. சின்னப்பையன் ஒரு கணம் வண்டியை விட்டு இறங்கி, பையன் கையிலிருந்து வீணையை வாங்கி, குடத்தைத் தாங்கிப் பதமாக மாமியின் மடியில் வைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தார். காத்திருந்தார். எத்தனை வீட்டுச் சாமானை ஏற்றியிருக்கிறார். ஒவ்வொருத்தருக்கும் தாங்க முடியாத ஒன்று இருக்கும்.

பீரோ லாரியில் ஆடியது. முட்டுக்கொடுக்க ஒரு பையன் அலமாரியிலிருந்து கனமாக எதையோ உருவி வந்தான். கண்ணாடியில் செய்த கேடயம். வாழ்நாள் சாதனையாளர் என்று பொன்னெழுத்து. அதைப் பீரோவின் காலடியில் செருகப் போனான்.

"டேய்! அதை வை!"

கல்யாணராமன் லாரியின் மேலேயே ஏறிவிட்டார். கேடயத்தைப் பிடுங்கி மேல்துண்டில் சுற்றி, மெத்தைகளுக்கு நடுவே தன் கையாலேயே வைத்து, நாலு பக்கமும் தலையணை கொடுத்தார். அடுத்த கேடயத்தை எடுக்கக் கீழே இறங்கியபோதுதான் சாய்சரணின் கையில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தார்.

"சாய்சரண், அதை அழி."

"நீங்கதான் சார் அழிக்கிற வசதியே வேண்டாம்னு எடுத்தீங்க."

சின்னப்பையன் வண்டியின் இருக்கைக்கு அடியில் கை விட்டார். பொன்னாடை அங்கேதான் கிடந்தது. பீரோக்களுக்குக் கீறல் விழாமல் போர்த்தப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு உதறு உதறி, கல்யாணராமனின் தோளில் போட்டார். ஜரிகையில் கிரீஸ் கறை இருந்தது. அடையாற்று மண்டபத்தில் தட்டியதைவிடப் பலமாகச் சொர்ணம் கை தட்டினாள். மாமி தட்டவில்லை, தடுக்கவும் இல்லை.

"லாரிக்கு முன்னாடி நான் போறேன் சார், வழி காட்ட" என்றார் சின்னப்பையன். "நானும் அங்கதான் கீறேன். நம்ம மாடியிலயே ஒரு வூடு காலி கீது. லிப்டு ஓடாது. ஏத்துறப்பவும் நீங்களே தூக்கிடுங்க, எட்டு மாடி. அடுத்தவன் தொட்டா கணக்கு கோணிடும்."